ஜூன் ஐந்தில் பிறந்தவர்கள்

மொரப்பூர் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் ஷகிலாவின் தையல் கடை இருக்கிறது. பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் முக்கால்வாசி வேலை. அளவு கொடுக்க வருகிற பிள்ளை "எட்டாவதுங்க" என்றால் அவள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டாள். தோளில் டேப்பை வைப்பாள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள், "எட்டா, ஏழா? நெசத்தச் சொல்லு" என்பாள். பக்கத்து டீக்கடை ராஜப்பன் அவளைப் பற்றி வாடிக்கைக்காரர்களிடம் சொல்வதுண்டு: "அந்தம்மாகிட்ட மழ பெய்யுதுன்னு சொன்னாக்கூட கைய வெளிய நீட்டிப் பாத்துட்டுத்தான் துணிய எடுக்கும்." ஷகிலாவின் காதிலும் அது விழுந்திருக்கிறது. அவள் மறுத்ததில்லை.

அது அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை. வந்த விதம் அவளுக்கே தெரியும். அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது அண்ணன் நிசார் அகமதுவை சைக்கிள் திருட்டு என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அவனுக்கு அப்போது பதினைந்து. காகிதத்தில் பத்தொன்பது என்று எழுதியிருந்தது. எழுத்துத் தெரியாத அத்தா அதன் கீழே கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். பெரிய ஆட்களோடு ஏழு மாதம் உள்ளே கிடந்துவிட்டு வந்தவன், "நான் எடுக்கல" என்று ஒரே ஒருமுறைதான் சொன்னான். அன்றைக்கு ஷகிலா தன் கம்மலைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். நிசார் அதைப் பார்த்துவிட்டான். சைக்கிளை எடுத்தது வேறொருவன் என்று ஊருக்குத் தெரிய வந்தபோது அவன் ரயிலேறிப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது பெங்களூரில் இருக்கிறான். பெருநாளுக்குப் போன் பண்ணுவான், நலம் விசாரிப்பான், வைத்துவிடுவான்.

அதற்குப் பிறகு ஷகிலா சந்தேகப்படுவதை விடவில்லை. யார்மேல் சந்தேகப்பட வேண்டும் என்பதை மட்டும் மாற்றிக்கொண்டாள். முதல் சந்தேகம் காகிதத்தின் மேல்.

சட்டப் பணிகள் குழுவுக்குத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று அரூர் கோர்ட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பேர் கொடுத்தாள். தர்மபுரியில் சில நாள் பயிற்சி, கழுத்தில் மாட்ட ஒரு அட்டை. வாரத்தில் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு அரூர் பஸ் ஏறுவாள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு மனு எழுத வேண்டும், யாரிடம் போவது என்று காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஆகஸ்டில் ஒரு காலை, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் ஒரு பையன் கோர்ட் வராந்தாவில் நின்றிருந்தான். மொரப்பூர் ரயில் நிலைய ஸ்டாண்டில் நின்ற பைக்கைத் திருடியதாகக் கேஸ். சட்டை அவனுடையது இல்லை என்பது ஷகிலாவுக்குத் தெரிந்தது. தோள் தையல் முழங்கைக்குப் பாதி தூரம் இறங்கியிருந்தது. தொங்கிய கையைப் பார்த்தாள். எலும்பு முற்றாத, இன்னும் நீள வேண்டிய கை.

"பேரென்ன தம்பி?" என்றாள்.

"சத்யராஜ்ங்க. பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க."

அவள் பெயரைத்தான் கேட்டாள். கேட்காத வயதை அவன் ஏன் சொல்கிறான்?

அதற்குள் இஸ்திரி மடிப்பு கலையாத கோட்டோடு காளியப்பன் என்ற வக்கீல் வந்து நடுவில் நின்றார். "நம்ம கட்சிக்காரர்தாம்மா. நாங்க பாத்துக்கறோம்" என்றார். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில் ஐந்து ஜூன் இரண்டாயிரத்து ஐந்து என்று பிறந்த தேதி இருந்தது. அந்தக் கணக்குக்குப் பதினெட்டு வயது இரண்டு மாதம். யாரும் மறுக்கவில்லை. பதினைந்து நாள் ரிமாண்டில் பையனைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

சைக்கிள் ஸ்டாண்ட் ஓரம் ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்தேரி மலையிலிருந்து வந்த ராமக்கா, பையனின் அம்மா. புருஷன் மல்லையன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். சாமையும் கொஞ்சம் ராகியும் விளைகிற காடு, மணமாகி அரூரில் இருக்கும் மகள், இந்தப் பையன். பஸ்ஸுக்கே பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்தவள். அவளுக்குப் பத்தரை மணிக்குள் வக்கீல் எங்கிருந்து வந்தார்?

"வக்கீல யாருங்க வெச்சது?"

"பிரபாகரு அண்ணன் அனுப்பிச்சாருன்னாங்க. பொம்மிடியில பழைய வண்டி விக்கற, ரிப்பேர் பாக்கற கட வெச்சிருக்காரு. இவன் அங்கதான் வேல பாத்தான்."

"பையன் எப்பப் பொறந்தான்?"

ராமக்கா ஷகிலாவின் அட்டையைப் பார்த்தாள், துப்பட்டாவைப் பார்த்தாள், கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். மலையில் நோட்டோடு வந்தவர்கள் நல்லது செய்துவிட்டுப் போனதாக அவளுக்கு நினைவில்லை.

"நீங்க எதுக்குங்க இதெல்லாங் கேக்கறீங்க? இதுல உங்களுக்கு என்ன வருது?"

"ஒண்ணும் வராதுங்க."

"ஒண்ணும் வராம யாரு வந்து கேப்பாங்க?"

ஷகிலாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. "சரியான கேள்விங்க. இதையே அந்தப் பிரபாகர் அண்ணன்கிட்டக் கேட்டீங்களா?"

ராமக்கா பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "மாசி மாசம். சிவராத்திரி கழிஞ்சு மூணா நாளு. வருசம் சொல்லத் தெரியாதுங்க."

ஜூன் எங்கே, மாசி எங்கே?

அந்த வாரமே ஷகிலா சிறைக்கு மனு போட்டுப் பையனைப் பார்த்தாள். அவன் முகம் கொடுக்கவில்லை. பதினெட்டுக்குக் கீழ் என்றால் கேஸ் தர்மபுரியில் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், அங்கே மாஜிஸ்டிரேட்டோடு சமூக சேவகர்கள் இருவர் உட்கார்ந்து விசாரிப்பார்கள், ஜெயில் கிடையாது என்று அவள் சொல்லச் சொல்ல அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"எனக்கு வேணாங்க்கா. சின்னப் பையன்னா சேலத்து ஹோம்ல மூணு வருசம் போட்ருவாங்க. பெரியவன்னா பதினஞ்சு நாள்ல ஜாமீன்."

"யாரு சொன்னது?"

"வக்கீலு."

"வக்கீலுக்கு உன்மேல என்னப்பா அவ்வளவு அக்கற?"

பையன் சுவரைப் பார்த்தான்.

திரும்பி வந்து முதல் தகவல் அறிக்கையை நான்குமுறை படித்தாள். வண்டியின் பூட்டு உடைபடவில்லை. பையன் கையில் சாவி இருந்தது. மலையிலிருந்து இறங்கிய பையனுக்கு அந்த வண்டியின் சாவி எப்படிக் கிடைத்தது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. வண்டிக்காரர் மாதவராஜ், தினமும் ரயிலில் சேலம் வேலைக்குப் போய்வருகிறவர். மாலை ரயிலில் இறங்கியவரைப் பிடித்துக் கேட்டாள். போன மாதம் வண்டியை சர்வீஸுக்கு விட்டாராம். இரண்டு நாள் அங்கேயே நின்றதாம். எங்கே என்றாள். பொம்மிடி என்றார். கடை யாருடையது என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை, இருந்தும் கேட்டாள். பிரபாகர்.

இப்போது அவளுக்குக் கணக்குப் புரிந்தது. பையன் பெரியவன் என்றால் இது ஒரு சாதாரணத் திருட்டு, அவனோடு முடிந்தது. சிறுவன் என்றால் நன்னடத்தை அலுவலர் வீடுவரை போவார், வேலை பார்த்த இடம்வரை போவார், யார் ஏவியது என்று கேள்வி வரும். பிள்ளையை வைத்துக் குற்றம் செய்கிற பெரியவனுக்குத் தனிச் சட்டப் பிரிவே இருக்கிறது. ஏழு வருஷம்வரை உள்ளே வைக்கலாம். பிரபாகருக்குப் பையனின் வயதின்மேல் இருந்த அக்கறை அதுதான்.

சட்ட உதவி வக்கீலாக அன்ஜும் என்ற இளம்பெண் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சந்தேகம் சரிதான்க்கா. ஆனா ஜட்ஜம்மா முன்னாடி காகிதந்தான் பேசும். டி.சி.ய ஒடைக்கணும்னா இன்னொரு காகிதம் கொண்டாங்க" என்றாள்.

ஷகிலா சித்தேரி பஸ் ஏறினாள். மலையில் இறங்கியதும் ராமக்காவும் சேர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் இப்போதைய தலைமை ஆசிரியர் பச்சியப்பன் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தந்தார். இரண்டாயிரத்துப் பத்து ஜூனில் பதினான்கு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினாள். பதினொரு பிள்ளைகளின் பிறந்த தேதி ஜூன் ஐந்து.

"அன்னிக்கு மல முழுக்கப் பிரசவமா சார்?"

பச்சியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அப்ப இங்க இல்லீங்க. தல கொறஞ்சா பள்ளிக்கூடத்த மூடிருவாங்கன்னு பயம். பள்ளி தெறந்த வாரத்துத் தேதியப் போட்டு அஞ்சு வயசுன்னு எழுதிருப்பாங்க. வேற எதுக்கும் இல்ல."

"அக்காகாரிகூடப் போவானுங்க," என்றாள் ராமக்கா. "முட்ட போடுவாங்க, திம்பான், அங்கயே தூங்குவான். சரியாப் பேச்சுக்கூட வராது அப்ப."

பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்குச் சான்றொப்பமிட்ட நகல் வாங்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நர்ஸ் சந்தியா பழைய பிரசவப் பதிவேடுகளைப் பரணிலிருந்து இறக்கினாள். ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. பத்தொன்பது பிப்ரவரி இரண்டாயிரத்து ஏழு, ராமக்கா, கணவர் மல்லையன், வீட்டுப் பிரசவம், ஆண். ராமக்கா அந்த எழுத்தை விரலால் தொட்டாள், தன் பெயர் எது என்று கேட்டாள்.

ஷகிலாவுக்கும் மனம் துள்ளத்தான் செய்தது. பிறகு பக்கத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். மேலே பதினோரு வரி நீல மை. கீழே ஏழு வரி நீல மை. நடுவில் இந்த ஒரு வரி மட்டும் கறுப்பு.

"இத எழுதினது யாருங்க?"

"தெரியலீங்க்கா. நான் வந்தே நாலு வருசந்தான் ஆகுது," என்றாள் சந்தியா. பிறகு, நல்லெண்ணத்தோடுதான், "இவங்க நேத்தே வந்து, பையன் பொறந்தது இதுல இருக்குமான்னு கேட்டுட்டுப் போனாங்க" என்றாள்.

ஷகிலா ராமக்காவைப் பார்த்தாள். கேட்காமல் விட்டிருக்கலாம். கிடைத்த காகிதத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவளால் முடியவில்லை.

"இத நீங்க எழுதச் சொன்னீங்களா?"

ராமக்காவுக்குக் கேள்வி புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் விரலை எடுத்துக்கொண்டாள். "பெத்தவ நானு. எம்புள்ள பொறந்ததுக்கு நானே பொய் எழுதி வெக்கோணுமா?" என்றாள். குரல் உயரவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ஷகிலா கூப்பிடவில்லை. கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் அவளுக்கு மனம் வரவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கறுப்பு வரி கண்ணுக்குள்ளேயே நின்றது. அது பொய் என்றால் பையனை அதை வைத்து மீட்கக் கூடாது. நிஜம் என்றால் அந்த அம்மாவிடம் செய்தது மன்னிக்க முடியாதது.

நர்ஸ்கள் மாதாமாதம் பிறப்பு விவரத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள் என்று சந்தியா போனில் சொன்னாள். ஷகிலா அங்கே இரண்டு நாள் போனாள். பழைய காகிதக் கட்டுகள் ஒரு தட்டுமுட்டு அறையில் கிடந்தன. எலி கடித்தது பாதி, நனைந்து ஒட்டியது பாதி. இரண்டாம் நாள் மதியம் இரண்டாயிரத்து ஏழு மார்ச்சில் அனுப்பிய அறிக்கை கிடைத்தது. வரி நான்கு: பிப்ரவரி பத்தொன்பது, ராமக்கா, ஆண் குழந்தை. கீழே டாக்டரின் கையெழுத்து, மார்ச் மாதத் தேதியோடு முத்திரை. அறிக்கை முழுவதும் கறுப்பு மை. பழைய நர்ஸ் வீட்டுப் பிரசவத்தைக் கேள்விப்பட்டு, அறிக்கை எழுதிய அதே பேனாவால் பதிவேட்டிலும் இடையில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.

ஷகிலா கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தைவிட வெட்கந்தான் அதிகமாக இருந்தது.

அன்ஜும் போட்ட வயது மனு விசாரணைக்கு வந்த நாளில் ராமக்கா வந்தாள். ஷகிலா இருந்த பக்கம் திரும்பவில்லை. காளியப்பன் எழுந்து, தன் கட்சிக்காரரே பதினெட்டு என்று ஒப்புக்கொள்கிறார், இந்த மனுவுக்கே அவசியமில்லை என்றார். மாஜிஸ்டிரேட் அம்மா பையனின் தாய் வந்திருக்கிறாரா என்று கேட்டார். ராமக்கா எழுந்து கைகூப்பினாள்.

"இந்த வக்கீலய்யாவ நான் வெக்கலீங்க. யாரோ வெச்சாங்க. எனக்கு அந்தப் பொண்ணு போதுமுங்க" என்று அன்ஜுமைக் காட்டினாள்.

காளியப்பன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அரசு வக்கீல் பிரசவப் பதிவேட்டை வாங்கிப் பார்த்து, ஷகிலா எதிர்பார்த்த இடத்திலேயே விரலை வைத்தார். "இந்த ஒரு பதிவு மட்டும் வேற மையில இருக்கு. இடையில சேர்த்ததா தெரியுது." அன்ஜும் மாத அறிக்கையை நீட்டினாள். அதன் பின்னாலேயே ஜூன் ஐந்தில் பிறந்த பதினொரு பிள்ளைகளின் பட்டியலையும். மாஜிஸ்டிரேட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பட்டியலைப் பார்க்கும்போது அவர் உதடு லேசாக விரிந்தது போலிருந்தது. அடுத்த வாரம் உத்தரவு வந்தது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் பையனின் வயது பதினாறு வருடம் ஆறு மாதம். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு.

வெளியே வந்து ஷகிலா ராமக்காவிடம் போனாள். "அன்னிக்குக் கேட்டது தப்புங்க."

"கேட்டது தப்பில்லீங்க," என்றாள் ராமக்கா. "அந்த அரசு வக்கீலய்யாவும் அதத்தான கேட்டாரு. ஆனா நீங்க கேட்டதுதான் வலிச்சுது."

சத்யராஜ் சேலத்துக் கூர்நோக்கு இல்லத்தில் ஒன்பது நாள் இருந்தான். மூன்று வருஷம் என்று விரல்விட்டுக்கொண்டிருந்தவனைப் பத்தாம் நாள் தர்மபுரிக்கு அழைத்துவந்தபோது அவன் யாரையும் நம்பவில்லை. குழுமத்தில் கூண்டு இல்லை, காக்கிச் சட்டை இல்லை. உட்கார நாற்காலி போட்டார்கள். இது ஏதோ வலை என்று நினைத்து அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் பொறுப்பில் விடுவதாகச் சொன்னதும், "எப்பத் திரும்பப் பிடிப்பீங்க?" என்று கேட்டான்.

நன்னடத்தை அலுவலர் மலையேறி வந்து அரைநாள் இருந்தார். பக்கத்து வீடுகளில் விசாரித்தார், பச்சியப்பனிடம் பேசினார். மூன்றாவது அமர்வில்தான் பையன் வாய் திறந்தான். சாவியைக் கொடுத்தது பிரபாகர். சர்வீஸுக்கு வருகிற வண்டிகளுக்கு மாற்றுச் சாவி செய்து வைத்துக்கொள்வது வழக்கம். இது ஐந்தாவது வண்டி. "மாட்டினா வயசு பதினெட்டுன்னு சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தாராம். குழுமம் பையனை ஒரு வருஷம் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வைத்தது, ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் சேரச் சொன்னது. அதைக் கேட்டு ஷகிலாவுக்குப் பகீரென்றது. பூனையைப் பால்சட்டிக்கே காவல் வைப்பதா? அலுவலரிடம் சொல்லியும் பார்த்தாள். "அவனுக்குத் தெரிஞ்ச வேல அதுதான் மேடம்" என்றார் அவர். அதன்பின் மாதம் ஒருமுறை பயிற்சி நிலையத்துக்கே போய் வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு நாள்தான் விடுபட்டிருந்தது. அந்த இரண்டு நாளும் எங்கே இருந்தான் என்றும் விசாரித்தாள். காய்ச்சல்.

பிரபாகர்மேல் வழக்குப் பதிவானது. முன்ஜாமீன் வாங்கினார். கடை திறந்தேதான் இருந்தது. சாட்சி சொல்ல சத்யராஜுக்குச் சம்மன் வந்தபோது அவனுக்குப் பதினெட்டு நிஜமாகவே முடிந்திருந்தது.

அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் பொம்மிடியிலிருந்து பிரபாகரின் ஆள் ஒருவரைச் சித்தேரியில் பார்த்ததாகச் சந்தியா சொன்னாள். ஷகிலாவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. பையனுக்குப் போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தான். சாட்சி நாளன்று காலை அரூர் பஸ் நிலையத்தில் நின்றாள். சித்தேரியிலிருந்து முதல் பஸ் வந்தது, அவன் இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. விலை போய்விட்டான் என்று தீர்மானித்துவிட்டாள். எவ்வளவு நடந்தேன், யார் யாரிடம் நின்றேன் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே கோர்ட்டுக்கு நடந்தாள்.

வராந்தா பெஞ்சில் சத்யராஜ் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ராமக்கா டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"எப்படா வந்தே?"

"முந்தாநேத்தே எறங்கிட்டேங்க்கா. அக்கா வூட்டுல இருந்தேன். போன வாரம் மலப்பாதையில ஒரு கார் நின்னுச்சு. எதுக்கு வம்புன்னு போனயும் ஆஃப் பண்ணி வெச்சிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே தரையைப் பார்த்தான். "யாருகிட்டச் சொன்னாலும் வெளிய போயிரும்னு நெனச்சேங்க." பிறகு, "உங்ககிட்டயுந்தாங்க்கா" என்றான்.

ஷகிலாவுக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் அவள் இருந்திருந்தால் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். ராமக்கா ஒரு இட்லியை மூடியில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

பதினொரு மணிக்கு அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஷகிலா கதவோரம் நின்று கேட்டாள். சாவி கொடுத்த நாள், கடையில் அப்போது யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "உனக்கு உன் வயசையே சரியாச் சொல்லத் தெரியல, மத்தத எப்படி நம்பறது?" என்றார். அவன் தடுமாறினான்.

"அன்னிக்குச் சொன்னது பொய்ங்க," என்றான் சத்யராஜ். "அத அவருதான் சொல்லச் சொன்னாரு."

பிரபாகர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்டிரேட் அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். தீர்ப்பு இன்னும் வரவில்லை; தேதி இரண்டுமுறை தள்ளிப்போயிருக்கிறது. ஷகிலா ஒவ்வொரு தேதிக்கும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.